பிரம்ம கமலமும் இல்லை, வியாதியும் இல்லை

இந்த ஆண்டும் அந்தச் செய்தி வந்துவிட்டது. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஆண்டுதோறும் வருகிற செய்திதான். இன்ன ஊரில், இன்னார் வீட்டில், இமயமலையில் மட்டுமே பூக்கும் அபூர்வமான பிரம்ம கமலம் பூத்தது. அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து கற்பூரம் காட்டி வழிபட்டார்கள். ஆனியில் ஒன்று, ஆடியில் இரண்டு, ஆவணியில் நல்ல மழை விழுந்தால் நான்கைந்து என்று வரும். இமயமலையில் மட்டுமே பூக்கிற பூ விழுப்புரத்தில் எப்படிப் பூத்தது என்று செய்தி எழுதியவரும் கேட்பதில்லை, படிக்கிற நாமும் கேட்பதில்லை.

கும்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நடுராத்திரியில் உள்ளங்கை கொள்ளாத வெள்ளைப்பூ ஒன்று விரிந்து வாசல் முழுக்க மணத்தால், கையெடுக்கத் தோன்றுவது இயற்கை. என் சண்டை அந்தப் பெயரோடு. அந்தப் பெயரால் அந்தச் செடிக்கு நம் வீடுகளில் நடக்கிற வைத்தியத்தோடு. பெயரைத் தப்பாகச் சொன்னால் ஊர் தப்பாகிறது. ஊர் தப்பானால் வளர்ப்பு தப்பாகிறது. வளர்ப்பு தப்பானபின், செடியில் எது வந்தாலும் நமக்கு வியாதியாகத் தெரிகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் நல்ல செடிகள் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. பூச்சியால் செத்ததைவிட வைத்தியத்தால் செத்ததுதான் அதிகம் என்பது நான் பார்த்தவரையில் என் முடிவு.

முதலில் உண்மையான பிரம்ம கமலம் எது என்று பார்த்துவிடுவோம். அது உத்தரகாண்ட் மாநிலத்தின் மாநில மலர். இமயமலையில் 3,000 மீட்டருக்கும் மேலே, பாறை இடுக்குகளில் வளரும் சிறு செடி. சூரியகாந்தி, செவ்வந்தி, துலுக்கச் செவ்வந்தியெல்லாம் சேர்ந்த குடும்பம் அதனுடையது. நாம் இதழ் என்று நினைப்பது, உள்ளேயுள்ள ஊதாநிறப் பூங்கொத்தைக் குளிரிலிருந்து காக்க மூடியிருக்கும் வெளிறிய மஞ்சள்பச்சை உறைதான். கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களில் சாமிக்குச் சாத்துகிறார்கள். சார்தாம் யாத்திரை போய்வந்த நண்பர்கள் பார்த்திருப்பார்கள். திண்டிவனத்துச் சித்திரை வெயிலை அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

நம் வீட்டு வாசலில் இருப்பது வேறு. அதன் தாவரவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம். சொந்த ஊர் மெக்சிகோவின் தென்பகுதியும் அதற்குக் கீழே குவாதமாலா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளும். குடும்பம் சப்பாத்திக்கள்ளியின் குடும்பம். ஆனால் பாலைவனத்துக் கள்ளி கிடையாது, மழைக்காட்டுக் கள்ளி. அங்கே பெரிய மரங்களின் கவட்டையில், மக்கிய இலையும் பறவை எச்சமும் சேர்ந்த கொஞ்சம் குப்பையில் வேர்விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒட்டுண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். மாமரத்துப் புல்லுருவிபோல மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மரத்தில் குடியிருக்கும், சாப்பாடு தன் சொந்தச் சம்பாத்தியம்.

இன்னொரு கதையும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்குமாம். அது குறிஞ்சியின் கணக்கு. மேற்குத்தொடர்ச்சி மலையில் 2006-லும் 2018-லும் பூத்ததே, அந்த நீலக்குறிஞ்சி. ஆண்டுக்கு ஒரே நாள்தான் என்பது இன்னொரு கட்சி. நன்றாக வளர்ந்த செடி ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தடவை பூக்கும். ஒரே இரவில் பத்துப் பதினைந்து பூகூட விரியும். அபூர்வமாக இருப்பது பூ இல்லை. நாம் அதைச் சரியாக வளர்ப்பதுதான்.

“பெயரில் என்ன சார் இருக்கிறது? பக்தியாக ஒரு பெயர் வைத்துவிட்டுப் போகட்டுமே” என்பார்கள். பக்தியாகப் பெயர் வைக்க நமக்குத் தெரியாதா என்ன? நாகலிங்க மரத்தைப் பாருங்கள். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பூவுக்குள் லிங்கத்தையும் மேலே படமெடுத்த நாகத்தையும் பார்த்து, அதற்கே அதற்கென்று ஒரு பெயர் வைத்துச் சிவன் கோயிலில் நட்டார்கள். யாருடைய பெயரையும் பிடுங்கவில்லை. மலையாளத்துக்காரர்கள் நம் செடிக்கு நிஷாகந்தி என்று பெயர் வைத்தார்கள். இரவில் மணப்பது என்று பொருள். திருவனந்தபுரத்தில் ஒரு திறந்தவெளி அரங்கத்துக்கே அந்தப் பெயர் இருக்கிறது. சிங்களத்தில் கடுபுல் என்கிறார்கள். நாம்தான் இமயமலைச் செடியின் பெயரைத் திருடி மெக்சிகோக்காரனுக்குச் சூட்டியிருக்கிறோம். இந்த வேடிக்கை நம்மோடு நிற்கவில்லை. டிராகன் பழம் என்று விற்கிறார்களே, அதுவும் மரமேறும் காட்டுக்கள்ளிதான், நம் செடிக்குப் பங்காளி. 2021 ஜனவரியில் குஜராத் அரசு அதற்குக் கமலம் என்று பெயர் வைத்தது. காட்டுக்கள்ளியைக் கண்டால் தாமரை என்று சொல்வது ஒரு தேசிய வழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

கள்ளி என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். நம் முன்னோர் கள்ளி என்றது சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்றவற்றை. உடைத்தால் வெள்ளைப்பால் வடியும். அவை ஆமணக்குக் குடும்பம். சப்பாத்திக்கள்ளி ஐரோப்பியர் கப்பலேறி வந்தபிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது. முள்ளைப் பார்த்து அதையும் கள்ளியில் சேர்த்துவிட்டோம். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே தானாக வளர்ந்த கள்ளி, அந்தப் பெரிய குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான்: ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் பக்கத்து இலங்கைக் காடுகளிலும் மரங்களிலிருந்து பச்சைச் சேமியா மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். இப்போது நர்சரிகளில் தொங்கும் தொட்டியில் விற்கிறார்கள். அதற்கும் முள் கிடையாது, அதுவும் பாலைவனம் கண்டதில்லை.

இப்போது பெயர் செய்கிற கெடுதலுக்கு வருகிறேன். இமயமலைச் செடி என்று நம்பியவர்கள் அதைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும் என்று வெயிலே படாத இருட்டு மூலையில் வைக்கிறார்கள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேரில் ஐஸ் கட்டி வைக்கிற வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். கள்ளி என்று கேள்விப்பட்டவர்கள் நேர்மாறு. மொட்டைமாடியில், மே மாதத்து உச்சிவெயிலில், தண்ணீர் காட்டாமல் போட்டுவைக்கிறார்கள். ஒன்று அழுகுகிறது, மற்றொன்று கருகுகிறது. இரண்டு வீட்டுக்காரரும் கடையில் போய்க் கேட்பது ஒரே கேள்விதான்: “இதுக்கு என்ன மருந்து?”

மரத்தில் குடியிருக்கும் செடி என்று புரிந்தால் வளர்ப்பு ரொம்ப எளிது. மரக்கவட்டையில் எவ்வளவு மண் இருக்கும்? ஆகவே பெரிய தொட்டி வேண்டாம். மழை பெய்தால் கவட்டையில் தண்ணீர் நிற்குமா? வழிந்து ஓடிவிடும். ஆகவே களிமண்ணும் வண்டலும் வேண்டாம். தேங்காய் நார்க்கழிவு, மக்கிய இலை, கொஞ்சம் கரித்துண்டு, உடைந்த ஓட்டுச்சில்லு, ஒரு கை தொழுவுரம் போதும். தொட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் தட்டு வைக்காதீர்கள். மரத்தடியில் வெயில் எப்படி விழும்? சல்லடையில் சலித்ததுபோல. ஆகவே வேப்பமரத்து நிழலோ, கிழக்குப் பார்த்த வாசலின் சன்ஷேடோ சரியான இடம். எட்டு ஒன்பது மணிவரை வெயில் படலாம், அதற்குமேல் வேண்டாம். ஆட்காட்டி விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்துக்கு உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் மொத்தப் பாடம்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயலின்போது நம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது நினைவிருக்கும். வயலும் வீடும் போன கணக்கின் முன்னால் தொட்டிச்செடி ஒரு பொருட்டே இல்லைதான். ஆனாலும் அந்த மாதிரி மழையில் தொங்கும் தொட்டியை இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்துவைத்தால் வேர் தப்பும். காசு செலவில்லாத வேலை.

இனி அந்த “வியாதிகள்.” எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிற படங்களில் பெரும்பாலானவை கீழே சொல்கிற ஏழெட்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, விழுது. தட்டையான பச்சைத்தண்டின் நடுவிலிருந்தோ விளிம்பிலிருந்தோ பழுப்பு நிறத்தில் மீசை மீசையாக எதுவோ தொங்குகிறது என்று பதறுவார்கள். அது வேர். மரத்தைப் பற்றிக்கொள்ளவும் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கவும் செடி விடுகிற வேர். மழைக்காலத்தில் கூடுதலாக வரும். கோடையில் நுனி காய்ந்துபோகும். ஆலமரத்து விழுதைப் பார்த்து நாம் வியாதி என்கிறோமா? ஆரோவில்லுக்குப் போய் அங்கே இருக்கிற பெரிய ஆலமரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். கடலைக்கொல்லையிலே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பூ உதிர்ந்தபின் நிலக்கடலைச் செடி விழுது விட்டு மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்து எந்தத் திண்டிவனத்து விவசாயியாவது மருந்துக்கடைக்கு ஓடியிருக்கிறாரா? அந்த விழுது இறங்கினால்தான் கடலை. இந்த விழுதையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சாட்டை. மற்றதெல்லாம் தட்டையாக இருக்க, அடியிலிருந்து மட்டும் உருண்டையாக, சாட்டைக்கம்புபோல ஒன்று விறுவிறுவென்று நாலடி ஐந்தடி ஏறும். “இது காட்டுச்செடி, ஒட்டுக்குக் கீழே முளைத்தது, வெட்டிவிடுங்கள்” என்று அறிவுரை சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். ஒட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. செடியின் முதுகெலும்பே அதுதான். அது மேலே ஏறியபின் அதிலிருந்துதான் தட்டைத்தண்டுகள் பக்கவாட்டில் விரியும். அந்தத் தட்டைத்தண்டுகளில்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் பூ. சாட்டையை வெட்டுகிறவர் வரப்போகும் பூவையெல்லாம் சேர்த்து வெட்டுகிறார். ஒரு குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

மூன்றாவது, அடித்தண்டு மரமாவது. பச்சையாக இருந்த அடிப்பாகம் பழுப்பாகிப் பட்டை கட்டும். கையால் அழுத்திப் பாருங்கள். கட்டையாக இருந்தால் வயதான அடையாளம். நமக்குத் தலை நரைப்பதற்கு டாக்டரிடம் போகிறோமா?

நான்காவது, வெளுத்துப்போன ஒல்லித்தண்டு. நுனி மட்டும் குறுகி, வாலைப்போல நீண்டுகொண்டே போகும். இது வெளிச்சப் பஞ்சம். செடி சன்னலைத் தேடுகிறது. தொட்டியை நகர்த்தவேண்டிய இடத்தில் உரம் போட்டால் வால்தான் இன்னும் நீளும்.

ஐந்தாவது, சிவப்பு. இளந்தளிர் செம்பு நிறத்தில் வருவது வழக்கம்தான். முற்றிய தண்டின் விளிம்பு சிவந்தால் வெயில் கொஞ்சம் கூடுதல். ஒரு முழம் உள்ளே தள்ளிவைத்தால் சரி.

ஆறாவது, விளிம்புப் பள்ளத்தில் சின்னக் குமிழ். இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். நாம் இலை என்று சொல்வது இலையே இல்லை, தட்டையான தண்டு. ஆகையால்தான் அதிலிருந்து வேரும் வரும், கிளையும் வரும், பூவும் வரும். குமிழ் தட்டையாக விரிந்தால் கிளை. உருண்டு நீண்டு, கழுத்து வளைந்து மேல்நோக்கி நிமிர்ந்தால் மொட்டு. கட்டி என்று நினைத்துக் கிள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். மொட்டு தெரிந்தபின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், காயவும் விடாதீர்கள், உதிர்த்துவிடும்.

ஏழாவது, விசிறி. அபூர்வமாக ஒரு தண்டின் நுனி ஒற்றைப் புள்ளியாக வளராமல், கோழிக்கொண்டை மாதிரி அகன்று மடிந்து வளரும். குருத்தில் ஏற்பட்ட கோளாறு. காயம் பட்டதாலோ வேறு காரணத்தாலோ வரும். அந்தக் கொண்டைக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற கள்ளிப்பிரியர்கள் உலகமெங்கும் உண்டு. பிடிக்காவிட்டால் அந்தத் தண்டை மட்டும் நறுக்கிவிடலாம். செடி முழுக்கத் தெளிக்க எந்த மருந்தும் தேவையில்லை.

கூடவே ஒரு வார்த்தை. ஊட்டி, ஏற்காடு போய்வரும்போது கிறிஸ்துமஸ் கேக்டஸ் என்று கணுக்கணுவாகத் தொங்குகிற பிரேசில் செடியை ஆசையாக வாங்கிவருகிறோம். அதுவும் மரத்துக்கள்ளிதான். மொட்டுவிட அதற்கு நீண்ட இரவும் குளிர்ந்த இரவும் வேண்டும். விழுப்புரத்தில் அது பூக்கவில்லை என்றால் குற்றம் செடியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை. நம் ஊர் உஷ்ணம் அப்படி.

அப்படியானால் வியாதியே கிடையாதா? உண்டு. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். வராத வியாதிக்கு மருந்தடித்துக்கொண்டிருக்கும்போது வந்த வியாதி கண்ணில் படுவதில்லை.

அடித்தண்டு குழைந்து, கரும்பழுப்பாகி, மூக்கை அருகில் கொண்டுபோனால் நாறுகிறதா? அது அழுகல். காத்திருக்கக்கூடாது. நல்ல பச்சைப்பகுதியை அழுகலுக்கு நான்கு விரற்கடை மேலே சுத்தமான கத்தியால் நறுக்கி, வெட்டுவாய் காயும்படி நான்கைந்து நாள் நிழலில் போட்டுவைத்து, புதிய கலவையில் நடுங்கள். பழைய மண்ணைக் கொட்டிவிடுங்கள். பள்ளங்களில் பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா? மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக வருகிறது, இடம்விட்டு இடம் தூக்கியும் போகிறது. பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமே போதும். பிடிவாதமாக இருந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை. பழுப்புநிறத்தில் சின்ன ஓடு மாதிரி ஒட்டியிருந்து நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருகிறதா? செதில்பூச்சி. அதே வைத்தியம்.

தண்டில் ஒரு புள்ளி வந்து, அது வெயில் சுட்டதா, நோயா என்று குழம்புகிறீர்களா? ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துப் புள்ளியின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். காலில் சிவந்து வீங்கினால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோடு போட்டுவைப்பாரே, அதே முறை. ஒரு வாரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் நோய். கோட்டுக்குள்ளேயே காய்ந்து நின்றால் பழைய காயம். வடு போகாது, போகவும் வேண்டியதில்லை.

இந்த ஒரு வாரம் காத்திருக்கத்தான் யாரும் தயாராக இல்லை. ஒரு மருந்துக்கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது, விழுது வந்த தண்டை நறுக்கி எடுத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. ஒரு பூஞ்சாணக்கொல்லி, ஒரு பூச்சிக்கொல்லி, ஒரு வளர்ச்சி ஊக்கி. மூன்று பாட்டில். பேரப்பிள்ளைகள் தவழ்கிற வாசலில் அந்த அம்மா அதைத் தெளிக்கப்போகிறார், வேருக்கு! இப்போது செல்ஃபோன் செயலி வேறு. படம் எடுத்தால் வியாதியின் பெயரைச் சொல்லுமாம். வியாதி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் படம் எடுக்கிறோம். எந்த வியாதி என்று பதில் வந்துவிடுகிறது. வியாதியே இல்லை என்று சொன்னால் கடைக்காரருக்கு வியாபாரம் ஏது?

பெயர் தப்பானால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மாகாணத்தின் சரித்திரமே சாட்சி. மெக்சிகோவில் ஒருவகைக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து அருமையான சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பெயின்காரர்கள் கொழித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை வந்தது. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித்தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்து இறங்கியது, கொச்சினீல் என்ற பெயரோடு. வந்தது அதன் தரம் குறைந்த பங்காளி. சாயம் தேறவில்லை. ஆனால் அது இங்கிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்க்க ஆரம்பித்தது. சாயத்துக்கு வளர்த்த பூச்சி, வேலிக்கு எமனானது.

அதே கதையின் பின்பாதியையும் சொல்லவேண்டும். இன்னொருவகைச் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டில் காடாகப் பரவித் தரிசையும் மேய்ச்சலையும் அடைத்தபோது, எந்தக் கள்ளிக்கு எந்தப் பூச்சி என்று சரியாக அடையாளம் கண்டு, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். கள்ளிக்காடு அடங்கியது. இன்றும் ரயில்பாதை ஓரத்துச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும்; குச்சியால் நசுக்கிப் பாருங்கள், ரத்தம் மாதிரி சிவக்கும். அந்தப் பூச்சியின் பேரன் பேத்திகள்தான். அடையாளம் தப்பானபோது நஷ்டம். அடையாளம் சரியானபோது மருந்தே தெளிக்காமல் காரியம் முடிந்தது. இரண்டும் நம் மண்ணில் நடந்தவை.

எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் திண்டிவனம். சுற்றுவட்டாரத்து விவசாயி கடலைச்செடியில் புள்ளி கண்டால் இலையைத் திருப்பிப் பார்ப்பார், பக்கத்துச் செடியைப் பார்ப்பார், வேரைப் பிடுங்கிப் பார்ப்பார். அப்புறம்தான் பணத்தை எடுப்பார். அவர் பிள்ளைகளான நாம் டவுனில் வீடு கட்டி, வாசலில் ஒரு தொட்டி தொங்கவிட்டதும், அந்தப் பார்வையைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

எனவே மூன்று பேருக்கு மூன்று வார்த்தை. பத்திரிகை நண்பர்களே, பூ பூத்ததைப் போடுங்கள், படத்தோடு போடுங்கள். இமயமலையை மட்டும் அதன் இடத்திலேயே இருக்க விடுங்கள். நிஷாகந்தி என்று எழுதினால் ஒரு எழுத்துக்கூடக் குறையாது. நர்சரிக்காரர்களே, “தெய்வீகச் செடி” என்று ஐம்பது ரூபாய்த் துண்டை ஐந்நூறு ரூபாய்க்கு விற்காதீர்கள். ஒரு தண்டை நறுக்கி ஊன்றினால் வருகிற செடி அது. அண்டை வீட்டில் சும்மா கிடைக்கும். விற்றே ஆகவேண்டுமென்றால், “மரநிழல், காலை வெயில், தண்ணீர் தேங்கக்கூடாது” என்று மூன்று வரி எழுதிச் சீட்டுக் கட்டிக் கொடுங்கள்.

வாசலில் செடி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்வது இது. நமக்கு நேரம் இருக்கிறது. செடிக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. விநோதமாக ஏதாவது முளைத்தால் முதலில் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், கோடு போட்டுவைத்து ஒரு வாரம் பாருங்கள். நாறவில்லை, குழையவில்லை, பரவவில்லை என்றால் அது செடி தன் சுபாவப்படி வளர்வது. கத்தரிக்கோலை உறையிலேயே வையுங்கள்.